மருத்துவிச்சியம்மாவின் வீட்டில் நாங்கள் இருந்த காலம்

தென்னோலைக் கிடுகு வேலியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே நான் பார்த்தது ஒரு கறுப்புத் தோற்பையை. பையைப் பிடித்திருந்த கை எனக்குத் தெரிந்த கை. கல்முனையில் எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேரை முதலில் தூக்கிய கை அது. என்னையும் தூக்கியது. அன்று அந்தக் கைக்கு நான் வேலிப் படலையைத் திறக்கவில்லை.

தமிழ் வீடும் முஸ்லிம் வீடும் கலந்து கிடந்த பழைய தெரு எங்களுடையது. அதில் ஓர் ஓட்டு வீடு மருத்துவிச்சியம்மாவினது. குடும்பமில்லாத மனுஷி. சைக்கிளில் வருவார், வாய் சும்மா இராது. என்னைக் கண்டால் போதும், "இவள் கால் முன்னுக்கு வந்தவள்கா! அண்டைக்கே உம்மாவ என்ன பாடு படுத்தினவள்!" என்று தெருவே கேட்கச் சொல்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எண்பதுகளின் நடுவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் குழப்பம் வந்தது. யார் தொடங்கினார்கள் என்பதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கதை உண்டு, நான் அதற்குள் போகவில்லை. தெருவின் தமிழ்க் குடும்பங்கள் ஒரே பகலில் பெரியநீலாவணைப் பக்கம் போய்விட்டன, மருத்துவிச்சியம்மாவும் அவர்களோடுதான். எல்லையோரம் வாப்பா எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு எரிந்தது. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லாத பெண்ணின் வாழ்வு அந்தரம்தான். ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்து நாலு மாதம். "ஊடு எங்க?" என்று அவளுடைய மாப்பிள்ளை, எங்கள் மச்சான், வாயால் கேட்கவில்லை. தன் உம்மாவின் வீட்டிலேயே தங்கத் தொடங்கினார், அவ்வளவுதான்.

தெருவில் ஏழு வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. ஓடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. யன்னல் நிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கிணற்றில் செத்த நாய் மிதந்தது. எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மரைக்கார்தான் ஆட்களைக் கூட்டினார். "ஆளில்லாத ஊடு கன நாள் நிக்காது. நாமளே திருத்துவம். ஊடெரிஞ்ச சனத்த இருத்துவம். ஊட்டுக்காரர் வந்த அண்டைக்கே இறங்கிக் குடுக்கணும். இது அமானிதம், நம்மள நம்பி விட்ட பொருள்" என்றார். அரசாங்கத்திடம் ஒருவரும் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிய மேசன்மாரும் தச்சர்களும் வருவார்கள். கிணறுகளை இறைத்தார்கள், கூரைக்கு ஓடு போட்டார்கள். பெண்கள் நாங்கள் சுண்ணாம்பு அடித்தோம். கை வெந்துபோகும், ஆனாலும் சிரிப்பும் கதையுமாக இருக்கும். செத்த தெரு எழும்பிவிட்டது என்று எங்களுக்கு அப்படியொரு பெருமை.

மருத்துவிச்சியம்மாவின் வீடு ராத்தாவுக்குக் கிடைத்தது. மச்சான் அன்றே திரும்பி வந்தார். பெண்கள் இருக்கும் வீடு என்று சொல்லி, முன்னால் நின்ற செவ்வரத்தைப் பூச்செடிகளை வெட்டிவிட்டு ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி அடித்தார். அடுத்தவரின் செடியை வெட்டாதீர்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. சில மாதங்களில் எல்லோரும் அதை ராத்தாவின் வீடு என்றே சொல்லத் தொடங்கினார்கள். நானும்தான்.

ராத்தாவுக்கு ஒன்பதாம் மாதம், துணைக்கு நானும் அங்கேயே இருந்தேன். ஒரு முற்பகல் படலையடியில் குரல் கேட்டது.

"புள்ள, இருக்கிறீங்களாகா?"

ராத்தா எழும்பப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். "ஊட்டக் கேக்க வந்திருக்கா, பேசாம இரு" என்று காதுக்குள் சொன்னேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. மரைக்கார் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது, பயமே அதனால்தான். வீட்டை விட்டு இறங்கினால் மச்சான் போய்விடுவார், பிள்ளை தகப்பனில்லாமல் பிறக்கும். ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா மூன்று தரம் கூப்பிட்டார். புது வேலியைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தப் பை திரும்பிப் போனது.

ஆறாம் நாள் ராத்தாவுக்கு வலி எடுத்தது. ஊரடங்கு போட்டிருந்தார்கள், வாகனம் ஒன்றும் ஓடவில்லை. அயல் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். பிள்ளை கால் முன்னுக்கு வந்தது. அழவில்லை.

பிள்ளையை அடக்க வந்த மரைக்கார் வாசலில் நின்று என்னிடம் கேட்டார். "அம்மா வரல்லியா? உங்கட ராத்தாக்கு ஒம்பது மாதம், மருத்துவிச்சி ஒருத்தரும் இல்ல, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க எண்டு அங்க போற மீன்காரரிட்டச் சொல்லி அனுப்பினனே. வாறன் எண்டுதானே சொன்னவ."

யா அல்லாஹ், அந்த நேரம் நான் எங்கே பார்ப்பேன்? ராத்தா என்னைப் பார்த்தாள். "வரல்ல" என்றாள். இன்று வரை அதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசியதில்லை. ஏசியிருக்கலாம், அடித்திருக்கலாம். அம்மா வந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் தப்பிய பிள்ளை.

நாற்பதாம் நாள் கழிந்ததும் ராத்தா வீட்டை மரைக்காரிடம் ஒப்படைத்துவிட்டு வாப்பாவிடம் வந்துவிட்டாள். மச்சான் தன் உம்மாவின் வீட்டுக்குப் போனவர் போனவர்தான். மருத்துவிச்சியம்மா பிறகு ஆலையடிவேம்பில் உறவினர் வீட்டில் காலமானார் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் சுண்ணாம்பு அடித்த சுவர்களில் ஆலங்கன்று முளைத்தது. அந்த வீட்டை இரண்டாம் தரம் திருத்த யாரும் வரவில்லை.

இப்போது எனக்குக் கிடுகு வேலி இல்லை. மதிலும் இரும்புக் கேற்றும் அழைப்பு மணியும் இருக்கின்றன. ஆனாலும் யாராவது தெருவில் நின்று குரல் கொடுத்தால், அடுப்பில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, "ஓம், இருக்கிறம், வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வாசலில் மின்சாரப் பட்டியல் கொண்டு வந்தவர் நிற்பார், அல்லது மீன்காரர். நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்களுடைய கையில் என்ன பை என்றுதான் பார்க்கிறேன்.