கல்யாணத்துக்குக் கிளம்பி கருமாதியில் நின்ற கதை

விழா ஏற்பாட்டாளர் வேலை என்பது, முன்பின் தெரியாத குடும்பத்தின் விசேஷத்துக்குப் போய் நாற்பது பேரிடம் திட்டு வாங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு வீடு திரும்பும் தொழில். ஏற்கெனவே இதில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகபாடிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இனிமேல் மாட்டப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் காது கொடுங்கள்.

நான் பதினான்கு வருஷம் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். விடிவதற்கு முன்னால் எழுந்து, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கிற பாலத்து நெரிசலில் நின்று, போய் வந்து, முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஒருநாள், போதும் லா என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தெப்ராவில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே, வீட்டு முன்கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். "தீபாவளிக்குள்ள ஒரு பெரிய கல்யாணமாவது என் கையால நடக்கணும். நடக்கலன்னா திரும்பப் பாலம் ஏறிடுறேன்," என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்தேன். அவர் "சரி" என்றார். ஒரே ஒரு கல்யாணம் நல்லபடியாக நடந்தால் போதும், ஆயிரம் பேர் பார்ப்பார்கள், பிறகு வரிசையாக வரும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஓலை யார் கட்டுவது?

சாஆ என்கிற ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு வயசுக்கு வந்த சடங்கு. பிள்ளையின் அம்மா, "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லிவிட்டார். எல்லாம் என்றால் எல்லாம்தானே? பிள்ளையை உட்கார வைக்கிற குடிசையையும் நானே செய்தேன். மூங்கில் சட்டம், பச்சைத் துணி, பிளாஸ்டிக் பூ, மினுக் மினுக்கென்று சின்ன விளக்குகள். படம் எடுத்தால் அவ்வளவு அழகாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஒரு லோரி வந்து நின்றது. இறங்கியவர் பிள்ளையின் தாய்மாமன். லோரி நிறையத் தென்னை ஓலை. சுற்றிலும் செம்பனையாக இருக்கிற ஊரில் மனுஷன் எங்கெங்கோ அலைந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என் மூங்கில் குடிசையைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. பிள்ளையின் அம்மா அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, உங்க ஓலைய இந்தப் பக்கம் அழகுக்குச் சாத்தி வச்சுக்கலாமே," என்று வாயைக் கொடுத்தேன்.

அப்புறம் என்ன, நான் கட்டியதை நானே அவிழ்த்தேன். அவர் தனியாளாக நின்று ஓலையைக் கட்டினார். யாரையும் தொட விடவில்லை. கட்டி முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "என் அக்கா மவளுக்கு, நான் உசுரோட இருக்கும்போதே ஓலை கட்ட வெளியாளு வந்தாச்சு. அப்போ மாமன் சீரையும் நீயே வச்சிரும்மா."

பட்டுப்புடவை

அடுத்தது ஓர் அறுபதாம் கல்யாணம். நம்மை மரியாதையாகப் பார்க்க வேண்டுமானால் நாமும் மரியாதையாக உடுத்த வேண்டும் என்று, என் கல்யாணப் பட்டைக் கட்டி, இருந்த நகையை எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். விருந்து நேரத்தில் ஓர் ஆன்ட்டி என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு, காலித் தண்ணீர் ஜாடியை நீட்டினார். வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். அது ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் அவர் என்னை மேலிருந்து கீழ்வரை அளந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வேலைக்கு வர்ற பொம்பளைக்கு இம்புட்டு நகை எதுக்கு? வீட்டு ஆளு மாதிரில்ல நிக்குது!"

ஊதாச் சட்டை

அந்தச் சொல் சுட்டதில் மறுவாரமே சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன். ஊதா நிறம். முன்னால் குத்துவிளக்குப் படம், முதுகில் நிறுவனத்தின் பெயரும் போன் நம்பரும். எனக்கும், என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு மூன்று. இனி யாரும் என்னை வீட்டு ஆள் என்று நினைத்து ஏமாற வேண்டாம் பாருங்கள்.

சட்டை வந்த வாரத்தில் மாலதி போன் செய்தாள். அவளுடைய மகனின் முதல் பிறந்தநாள்தான் நான் செய்த முதல் வேலை. போனில் ஒரே அழுகை. மாமனார் தவறிவிட்டாராம். கணவன் சாராவாக்கில் வேலையில் இருக்கிறான், விமானம் கிடைத்து வந்து சேர நேரமாகும். "அக்கா, எனக்கு யாரைக் கூப்பிடுறதுன்னே தெரியல. உங்க நம்பர்தான் ஞாபகம் வந்துச்சு," என்றாள். இதற்கு முடியாது என்று சொல்கிறவள் மனுஷியா? கையில் அகப்பட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். என் கூட வந்த பெண்களும் அப்படியே வந்தார்கள். நாங்கள் என்ன உடுத்தியிருக்கிறோம் என்று யோசிக்க அப்போது யாருக்கு நேரம்?

கூடாரம், நாற்காலி, தேத்தண்ணீர், குருக்கள், சுடுகாட்டுக்குப் பஸ், எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்தது. பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டையும் மாலதி என்னிடமே விட்டாள். நானும் அதே சட்டையில்தான் போய் நின்றேன், மடத்தனம்! சாதம் குழையவில்லை, வடை ஆறவில்லை, வந்த ஒருவர்கூட நாற்காலி இல்லாமல் நிற்கவில்லை. தொழில் ஆரம்பித்ததிலிருந்து யாரும் என்னைத் திட்டாத ஒரே விசேஷம் அதுதான். கை கழுவிவிட்டு ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்து பாராட்டினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க கார்டு ஒண்ணு குடும்மா. எங்க அண்ணனுக்கும் ரொம்ப முடியல, டாக்டர் நாள் சொல்லிட்டாரு," என்றார்.

பத்து பாகாட் கல்யாணம்

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கல்யாணம் இதுதான். பத்து பாகாட் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், ஒரே பெண், மண்டபம் கொள்ளாத கூட்டம். முதல் இரண்டு சந்திப்புகளும் நன்றாகப் போயின. கல்யாணப்பெண் சுகன்யாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. மாலையின் நிறத்திலிருந்து மருதாணி வரைக்கும் தினமும் குரல் பதிவு அனுப்பி, "அக்கா, இது ஓகேவா?" என்று கேட்பாள். வீட்டுக்காரரிடம், "பாத்தீங்களா, நான் பாலம் ஏற மாட்டேன்," என்று கொஞ்சம் திமிராகவே சொல்லியிருந்தேன்.

மூன்றாவது சந்திப்புக்கு, நாதஸ்வரக் குழுவையும் மணவறையையும் முடிவு செய்ய அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு சுகன்யாவின் அத்தையும் வந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அவர் கண் என் சட்டையிலேயே நின்றது. "இது மாலதி மாமனார் கருமாதியில நின்ன பொண்ணுல்ல?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, சுகன்யாவின் அம்மாவிடம். அலமாக், போச்சு! மணவறைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஆல்பத்தை மூடினார். "அந்தக் கூடாரம், நாற்காலி எல்லாம்தான் இங்கயும் வருமா?" என்று அத்தை அடுத்த கேள்வி கேட்டார். இல்லை, கல்யாணத்துக்கு வேறு, எல்லாம் புதுசு என்று நான் சொல்லச் சொல்ல, என் குரலே எனக்குக் கெஞ்சலாகக் கேட்டது. சுகன்யா தலையைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த அத்தையும் அதே கருமாதியில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டவர்தானே? பாயசம் பிடித்துப்போய், வீட்டுக்கு இரண்டு பொட்டலம் டாப்பாவ் கேட்டவரும் அவர்தான், கட்டிக் கொடுத்தவளும் நான்தான். சாப்பிட்ட வாய்க்குத் தீட்டு இல்லை, பரிமாறின கைக்குத் தீட்டு! வாசலில் செருப்பு போடும்போது சுகன்யாவின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான், அதுதான் இன்னும் எரிந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கல்யாணத்துக்கு மட்டும் வேணாம். மத்த காரியத்துக்கு உங்களை விட்டா நாங்க யாரைக் கூப்பிடப் போறோம்?"

காரில் உட்கார்ந்து, ஏர்கோனைக்கூடத் திறக்காமல் அழுதேன்.

தட்டு

நான் பாலம் ஏறவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே அந்தப் பெரியவர் போன் செய்துவிட்டார், அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர். ஆசைப்பட்ட மாதிரியே வரிசையாக வந்தது. வீட்டுக்காரர், "நீ சொன்னபடி நடந்துருச்சு," என்றார். கிண்டலா பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் என் சொந்தத் தங்கை மகளுக்குப் பரிசம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, காதுகுத்தில் அவளை மடியில் வைத்திருந்தவள் நான். பணம் ஒன்றும் வேண்டாம், பெரியம்மா முறைக்கு எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று ஒரு வாரம் முன்னதாகவே போய் நின்றேன். தங்கை சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் சீர்த்தட்டைப் பெரியம்மாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைத் தங்கை தன் நாத்தனாரிடம் கொடுக்கப் போவதாக அங்கிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டே, பாசமாகத்தான் சொன்னாள்: "நீ ஒரு வேலையும் செய்ய வேணாம்க்கா. சும்மா வந்து, பின்னால உக்காந்து, நல்லா சாப்பிட்டுட்டுப் போ."

ஆக, இந்த ஜொகூரில் என்னைக் கூட்டிவைத்து ஒரு தாலி கட்ட எவருக்கும் தைரியம் இல்லை, என்னைக் கூப்பிடாமல் நிம்மதியாகச் சாகவும் எவருக்கும் வழி இல்லை.