சம்பந்தி வீட்டுப் பசிபிக்

காரை நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து மகள் சொன்னாள்.

"அப்பா, ப்ளீஸ். இண்டைக்கு மட்டும் பகிடி வேண்டாம். சீன் வேண்டாம். நோர்மலா இருங்கோ."

நான் பெல்ட்டைக் கழற்றியபடி, "நோர்மலா எண்டா எப்பிடி, ஒருக்கா செய்து காட்டு" என்றேன்.

"அதைத்தான் செய்ய வேண்டாம் எண்டுறன்."

அவளுடைய பயத்தில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளைப் பையனும் அவளும் பல்கலைக்கழகத்திலிருந்தே பழக்கம். பையனின் தகப்பன் மட்டும் கலியாணத்துக்கு இன்னும் நாள் சொல்லவில்லை. இன்று சொல்வதாகத்தான் கூப்பிட்டிருந்தார். அந்த மனிதர் முன்னொருமுறை மூத்த மகனுக்குப் பார்த்த இடத்தை ஒரே பின்னேரத்தில் உதறியவர். பெண்ணின் தகப்பன் விருந்தில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டாராம். "குடும்பத்திலை நிதானம் வேணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம்.

எனக்குக் குடி கிடையாது. நிதானமும் கிடையாது. லண்டனுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் பயப்படாத சத்தம் ஃபிரிட்ஜ் சத்தம் ஒன்றுதான். கவுன்சில் லொறி குப்பை வாளியைத் தூக்கிக் கவிழ்க்கும்போது நான் சமையலறையில் எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நவம்பர் மாதத்து வாணவேடிக்கைக்குக் குளியலறைக்குள் போய்க் குழாய் திருத்துவேன். நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊரிலேயே எங்கள் வீட்டுக் குழாய்களைப்போல நல்ல நிலையில் இருக்கும் குழாய்களை நீங்கள் பார்க்க முடியாது. ஆட்கள் கேட்டால் ஒரு பகிடி சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள், விஷயம் முடிந்துவிடும். அப்படித்தான் எனக்குப் பகிடிக்காரன் என்ற பெயர் வந்தது.

பக்கத்து ஊரான சட்டனில் அவர்களுடைய வீடு பெரிதாக இருந்தது. சம்பந்தியாகப் போகிறவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் நாட்டில் சண்டை முற்றுவதற்கு முன்பே ஜெர்மனிக்குப் போய், அங்கே கடை வைத்து, பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக இங்கே மாறி வந்து, இப்போது பெற்றோல் செட் நடத்துகிறவர். வாசலிலேயே கையைப் பிடித்தார்.

"தம்பி ஊரிலை எந்த இடம்?"

சொன்னேன்.

"ஓ, தீவுப்பக்கமோ?" என்றார். அந்த 'ஓ' கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்துப் பெருநிலத்தார் தீவாரைப் பார்த்துச் சொல்லும் அந்த 'ஓ' விமானம் ஏறி ஐரோப்பா முழுக்கச் சுற்றியும் ஒரு அங்குலம் குறையவில்லை. நான் பல்லைக் காட்டினேன். நோர்மலாக.

"நல்லதாப் போச்சு. நீங்கள் வாங்கோ, உங்களுக்கு ஒரு தீவு தாறன்."

நான் நினைத்தேன், சீதனத்தை எதிர்ப்பக்கம் கொடுக்கிறாராக்கும் என்று. அவர் எங்களைக் கராஜுக்குக் கூட்டிப் போனார்.

கராஜில் கார் இல்லை. பசிபிக் சமுத்திரம் இருந்தது. மூன்று கட்டில் அளவு மேசை, நிலம் வரைக்கும் தொங்கும் நீல விரிப்பு, அதன்மேல் விரல் நீளத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள், நடுவிலும் ஓரங்களிலும் தீவுகள். விமானம் தாங்கிக் கப்பல்களின் தட்டில் அரிசியளவு விமானங்கள் கூட ஒட்டியிருந்தன. அமெரிக்கனும் ஜப்பான்காரனும் தீவுக்குத் தீவு அடிபட்ட சண்டையை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி நடத்துகிறார். கூட விளையாடும் வெள்ளைக்காரச் சிநேகிதர் முதுகு நோவென்று அன்று வரவில்லை.

"கதையை இதிலை இருந்தே கதைப்பம்" என்றார். பெண்கள் தேநீரும் கடலை வடையும் வறுத்த நிலக்கடலைக் கச்சானும் கொண்டுவந்து மேசையைச் சுற்றிக் கதிரைகளில் இருந்தார்கள். என் மனைவி, மகள், அவருடைய மனைவி, மாப்பிள்ளைப் பையன். கலியாண நாள் என்ற பேச்சு பசிபிக்கின் ஏதோ ஒரு மூலையில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது.

அவர் அமெரிக்கன். நான் ஜப்பான். எனக்குக் கிடைத்த தீவை நான் குனிந்து பார்த்தேன். வெள்ளை மணல், பச்சைப் பஞ்சில் தென்னை, கரையோரம் தீக்குச்சித் துண்டுகளை அடுக்கி மேலே மண் தூவிய சின்னப் பதுங்குகுழிகள்.

"உது தென்னங்குற்றி" என்றார் பெருமையோடு. "ஜப்பான்காரன் தென்னங்குற்றியை அடுக்கி, மேலை மண் போட்டு பங்கர் கட்டினவன். என்ன மூளை, பாத்தியளே! நான் படத்தைப் பாத்து அப்பிடியே செய்தனான்."

"நாங்கள் பனங்குற்றி அண்ணை" என்றேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. நல்ல வேலைப்பாடு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வடையை எடுத்து வாய்க்குப் பூட்டுப் போட்டேன்.

"முதலிலை கப்பலிலை இருந்து அடிப்பம். கரையிறங்க முதல் நாள் முழுக்க அடிக்கிறது அவங்கடை வழக்கம்" என்றபடி தாயக்கட்டையை உருட்டினார். பிறகு மகனைப் பார்த்து, "தம்பி, சவுண்டைப் போடு" என்றார்.

சவுண்ட் என்று ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் ஆளுயரப் பெட்டிகள் இரண்டு இருந்ததை நான் அலுமாரி என்று நினைத்திருந்தேன்.

முதலில் தூரத்தில் ஒரு அமுங்கிய 'தும்'. கடலிலிருந்து அடிப்பதில் அதுதான் பொல்லாதது. குண்டு வெளிக்கிட்ட சத்தம் முதலில் வரும். பிறகு ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமே இல்லாத நேரத்தில்தான் ஆள் யாரென்று தெரியும்.

நான் யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது. நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.

எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஐம்பது வயது, சீனி வருத்தம், முழங்காலில் தேய்வு, மாடிப்படி ஏறினால் மூச்சு. கதிரையிலிருந்து நிலத்துக்கு நான் போன வேகத்தை எங்கள் டொக்டர் பார்த்திருந்தால் குளிசை எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார். குப்புறப் படுத்து, காதுக்குள் விரலை விட்டு, கண்ணை இறுக மூடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்களைக் காலைக் கூட்டத்தில் வரிசையாக விட்டு, ஷெல் அடித்தால் எப்படிப் படுப்பதென்று பழக்கியிருந்தார்கள். நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது, முழங்கையில் உடம்பைத் தாங்கு, பல்லுக்கிடையில் ஒரு தடியைக் கடி. கழுத்தில் நூல் கட்டித் தடியைத் தொங்கவிட்டுக்கொண்டு கணக்குப் படித்தவர்கள் நாங்கள். கராஜில் தடி இருக்கவில்லை. வடை இருந்தது.

மேலே பெட்டிகள் வெடித்துக்கொண்டிருந்தன. நிலம் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தேன். விரிப்புக்கு உள்ளே, நீல வெளிச்சத்தில், எல்லாருடைய கால்களும் தெரிந்தன. சம்பந்தியின் கால்கள் கம்பளிச் செருப்புக்குள் சுகமாகத் தாளம் போட்டன. அவர் மனைவியின் கால் ஒன்றன்மேல் ஒன்று. பிள்ளைகளின் கால்கள் ஒன்றையொன்று தட்டி விளையாடின. என் மனைவியின் கால்களில் மட்டும் அந்த வீட்டார் கொடுத்த செருப்பு இல்லை. கழற்றி ஒதுக்கிவிட்டிருந்தாள். குதிக்கால் இரண்டும் உயர்ந்திருந்தன. பெருவிரல்கள் கம்பளத்தைக் கவ்வியிருந்தன. ஓடத் தயாரான கால்கள். மேலே அவள் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. முகத்தில் சிரிப்பும் இருந்திருக்கும். முகத்தைப் பழக்கிவிடலாம்.

சத்தம் நின்றது. நீல விரிப்பு விலகி அவளுடைய முகம் வந்தது. இரண்டு பேரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் நிமிர்ந்து, சபைக்குக் கேட்கச் சொன்னாள்.

"இந்த மனிசனுக்கு வடை விழுந்தாக் காணும், பசிபிக் எண்டும் பாக்காமல் குதிச்சிடும்!"

கராஜ் சிரித்தது. நான் வடையை வாயில் கவ்வியபடி வெளியே வந்தேன். அதைப் பார்த்து இன்னொரு சுற்றுச் சிரிப்பு. சம்பந்தி கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, நீர் உண்மையிலை பெரிய பகிடிக்காரன் ஐசே!"

"எண்ணெய் விரிப்பிலை பட்டிடுமெண்டு யோசிச்சன் அண்ணை."

மகளின் தோள் இறங்கியது. இது சீன் அல்ல, பகிடி. பகிடிக்கு அன்றைக்கு மன்னிப்பு உண்டு என்று அவள் தீர்மானித்திருந்தாள். நான் ஒரு பிடி கச்சானை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அவர் மறுபடி கப்பல்களிடம் போனார். நான் என் தீவைக் காக்கத் தயாராக நின்றேன். அவருடைய கப்பல்கள் வந்தன, வந்தன, என் தீவைச் சுற்றி, அப்பால் போய்விட்டன.

"இறங்கேல்லையோ?"

"ஏன் இறங்கவேணும்?" என்று கையைத் தேய்த்தார். "உதுதான் அமெரிக்கன்ரை கெட்டித்தனம். எல்லாத் தீவையும் பிடிக்கத் தேவையில்லை. தேவையில்லாத தீவை விட்டிட்டுத் தாண்டிப் போடுவான். கடலைப் பூட்டினாச் சரி. சாப்பாடு வராது, மருந்து வராது. ஒரு குண்டும் செலவில்லாமல் தானாக் காயும். நீர் இனிச் சும்மா இருந்து தேத்தண்ணியைக் குடியும். உமக்கு விளையாட்டு முடிஞ்சுது."

தேத்தண்ணி குடிக்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. எங்களுக்கு அது இருக்கவில்லை. சண்டைக்காலத்தில் எங்கள் தீவைச் சுற்றி நேவி கடலைப் பூட்டியபோது மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சீனி இல்லை. என் தகப்பனுக்கு இன்சுலின் இல்லை. அவருக்கும் விளையாட்டு முடிந்தது. ஒரு குண்டும் செலவில்லை.

கையில் இருந்த கச்சானை நான் என் தீவில் வைத்தேன். தென்னை மரத்தடியில் இரண்டு, பதுங்குகுழிக்குப் பக்கத்தில் ஒன்று, கரையில் சின்னதாய் ஒரு சொத்தைக் கச்சான்.

"உது என்ன?" என்றார்.

"சனம்."

"எந்தச் சனம்?"

"தீவிலை இருந்த சனம், அண்ணை. ஜப்பான்காரனும் அமெரிக்கனும் வர முதலே அங்கை சனம் இருந்திருக்குமெல்லோ? அந்தத் தென்னையை ஆரோ நட்டிருப்பாங்கள். குற்றிக்குத் தறிக்கேக்கை ஆரோ கத்தியிருப்பாங்கள். அவையளுக்குக் காய் இல்லையோ உங்கடை பெட்டியிலை?"

அவர் உண்மையாகவே யோசித்தார். பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்.

"இல்லை. ரூல்ஸிலை சனம் இல்லை. சனத்தைச் சேர்த்தா ஆட்டம் நகராது, ஐசே."

அந்தக் கணம் என் வாய்க்குள் ஒரு வசனம் வந்து நின்றது. 'நீங்கள் அந்த நேரம் ஜெர்மனியிலை எந்த ரூல்ஸ் புத்தகம் வாசிச்சுக்கொண்டிருந்தனீங்கள் அண்ணை?' நல்ல வசனம். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். அதற்குப் பிறகு அவர் எழுந்து, குடும்பத்தில் நிதானம் வேண்டும் என்பார்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் விளங்கவில்லை. ஏதோ வரப்போகிறது என்பது மட்டும் விளங்கியிருந்தது. மேசைக்குக் கீழே என் மனைவியின் வெறுங்கால் வந்து என் காலை மிதித்தது. மிதித்தபடியே இருந்தது.

நான் சொன்னேன். "அதுவும் சரிதான். சனம் எங்கையும் இடைஞ்சல்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இப்படி நன்றாக வரும்.

சிரித்தபடியே சம்பந்தி கையை நீட்டி, என் தீவிலிருந்த கச்சானை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வேண்டுமென்று அல்ல. கச்சான் என்றால் மனிதர் தின்னத்தான் செய்வார். சொத்தையைக் கடித்ததும் முகம் சுளித்து அதை மட்டும் கடதாசியில் துப்பினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் காத்திருந்ததைச் சொன்னார்.

"சரி, ஆவணியிலை வைப்பம். கலியாண ஹோல் நான் பாக்கிறன். தம்பிக்குச் சம்மதம்தானே?"

"சந்தோசம் அண்ணை" என்றேன். அதில் பொய் இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பையன் அவள் தோளைப் பிடித்தான். அந்த இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்து நின்ற இடத்துக்குப் பின்னால் பெட்டிகள் இரண்டும் சின்னச் சிவப்பு விளக்கோடு விழித்தபடி இருந்தன. நான் சந்தோசப்பட்டேன், பெட்டிகளையும் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது மகள் பாட்டுப் போட்டு, ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டு ஓட்டினாள்.

"அப்பா, யூ வேர் சோ ஃபனி! அந்த வடை! அங்கிளுக்கு உங்களை நல்லாப் பிடிச்சுப் போச்சு. இனி மாசத்துக்கொருக்கா விளையாட வரட்டாம். அடுத்த முறை உங்களை அமெரிக்கனா விடுறாராம்."

"பதவி உயர்வு" என்றேன்.

"போவீங்கள்தானே? ப்ளீஸ். அவருக்கு வேற ஒருத்தரும் இல்லை விளையாட."

"போறன் பிள்ளை. போகாமல்?"

எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் என் மனைவி பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. வாயிலை வடை இருந்தது சரி. ஆனா நெஞ்சு நிலத்திலை முட்டிக்கொண்டெல்லோ கிடந்தது. அப்பிடிப் படுத்தா ஈரல் வெடிச்சுப் போகும்."

"இந்த வண்டி வயிறு விடேல்லை" என்றேன் மெதுவாக. "அடுத்த மாசம் சரியாப் படுக்கிறன்."

மகள் பாட்டைக் குறைத்தாள். "என்ன ரெண்டு பேரும் ரகசியம்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "அவையின்ரை வடையிலை எண்ணெய் கூடவாம், கொம்மா சொல்லுறா."

அவள் சிரித்துவிட்டு மறுபடி பாட்டைக் கூட்டினாள்.