டெலோமியர் நீளமும் கிளைவின் கல்யாணமும்

மண்டி மொஹல்லாவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கிளைவிடம் கற்றவர்கள். சந்தில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் முட்டிக்கொண்டு நிற்கும்போது பதறாமல் உட்கார்ந்திருப்பதுதான் முதல் பாடம் என்பார். இளவயதில் ஊதித் தள்ளிய சிகரெட்டுக்கு ஐம்பத்தாறு வயதில் பலன் கிடைத்தது. வலது நுரையீரலில் புற்றுநோய். ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் மறுபடி கார் கற்றுக்கொடுக்க வந்துவிட்டார்.

அப்போது கற்றுக்கொள்ள வந்தவர் நிம்மி. விஜயநகரில் குடியிருக்கும் நர்ஸ், கணவரை இழந்தவர். லைசென்ஸ் வாங்கிய பிறகும், "ரிவர்ஸ் இன்னும் சரியா வரலை சார்" என்று ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து நின்றார். ரிவர்ஸ் அவருக்கு நன்றாகவே வரும் என்பது கிளைவுக்குத் தெரியும்.

கேட்டுவிட ஆசைதான். ஆனால் இவரை மறுபடியும் விதவையாக்கிவிடுவோமோ என்ற பயம் வாயைக் கட்டியது.

பரிசோதனைக்குப் போகும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டார்கள். டெலோமியரின் நீளத்தை வைத்து, நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று சொல்ல முடியுமா என்பது ஆராய்ச்சி. கிளைவ் ரத்தம் கொடுத்தார். சில மாதம் கழித்து, ஆராய்ச்சி செய்யும் அனகாவைத் தேடிப் போனார்.

"சேலை முந்தியில நூல் பிரியாம இருக்க முடிச்சுப் போடுவாங்கல்ல அங்கிள், நம்ம குரோமோசோம் நுனியிலயும் அப்படி ஒண்ணு இருக்கு. அதுதான் டெலோமியர். வயசாக ஆகக் குறையும்" என்றாள் அனகா.

"என்னோடது எவ்வளவும்மா இருக்கு?"

"தனித்தனியா சொல்றதில்லை. சொன்னாலும் பிரயோஜனமில்லை. குட்டையா இருந்தா ஆபத்துன்னு சில ஆராய்ச்சி சொல்லுது, நீளமா இருந்தாதான் ஆபத்துன்னு சிலது சொல்லுது. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தா ஏதோ தெரியும். உங்க ஒருத்தருக்கு என்னால நாள் குறிக்க முடியாது."

"குட்டையும் ஆகாது, நெட்டையும் ஆகாது. எங்கம்மா எனக்குப் பொண்ணு பார்த்த மாதிரியே இருக்கு."

அனகா சிரித்துவிட்டாள். "எதுக்கு அங்கிள் தெரியணும்?"

"ஒருத்தங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"அதுக்கு பிளட் டெஸ்ட் எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை, நிம்மி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிளைவ் எல்லாவற்றையும் கொட்டினார். நிம்மி இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்தார்.

"எத்தனை வருஷம் இருப்பீங்கன்னு நான் கேட்டேனா சார்? வார்டுல நானும் பார்க்கறேன், அதை யாரும் கரெக்டா சொன்னதில்லை. இனி ஸ்கேனுக்குத் தனியாப் போகக்கூடாது. என்னையும் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்."

"சரி சிஸ்டர்."

"முதல்ல அந்த சிஸ்டரை விடுங்க."

பிப்ரவரியில் மாதா கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. ஜூன் மாத ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. அன்று மத்தியானமே இருவரும் நஞ்சன்கூடு பக்கம் ஒரு சுற்றுப் போனார்கள். வழியெல்லாம் கிளைவ் பேசிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கும்போது மட்டும் நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்த்து, மறுபடி ஆரம்பித்தார்.