டாக்டரின் பல்செட்

இப்போதும் மதியத்தில் கண் அயரும்போது அந்த மாவு வாய்கள் வருகின்றன. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கணவரின் பல் கிளினிக். பல்செட்டுக்காக அளவெடுத்து மாவில் வார்த்த வெள்ளை வாய்கள் அலமாரி நிறைய இருக்கும். வெயில் சாயும்போது வெளிச்சம் அவற்றின் மேல் ஊர்ந்து போகும். எல்லோரும் என்னவோ சொல்ல வருவது போல இருக்கும். தூசு தட்டுவது என் வேலை. முப்பத்தைந்து வருஷம் திட்டிக்கொண்டே தட்டினேன்.

ஊருக்கெல்லாம் பல் கட்டியவருக்கு ஐம்பது வயதிலேயே ஈறு கெட்டுப் பல்லெல்லாம் போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான்தான் அளவெடுத்தேன். செட்டை அவரே செய்துகொண்டார்.

"பல் டாக்டருக்கே பல் இல்லன்னா யாரு வருவா? நான் போனா, நாடிக்கட்டு கட்டறதுக்கு முன்னாடி நீ மாட்டி விட்டுடு."

"வாயைக் கழுவுங்க" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்பதில் உள்ளூர ஒரு கர்வம்.

இறந்தவர் முகம் பொக்கையாகப் போகக் கூடாது என்று சுற்றுக் கிராமங்களில் இவரைக் கூப்பிடுவார்கள். சாவு வீட்டுக்குப் போய்ச் செட்டை மாட்டிவிட்டு வருவார். ஒரு தை மாதம் திருவையாற்றுப் பக்கம் நானும் கூடப் போனேன். பனி விலகாத வயல்களுக்கு நடுவே கார் மிதந்து போவது போலிருந்தது. அங்கே இறந்தவர் வாயில் பொருந்தாத ஒரு செட்டைத் திணித்து வைத்திருந்தார்கள். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் இவர்தான் செட் செய்து கொடுத்திருந்தார். பிள்ளைகள் பதற்றத்தில் செட் ஊறும் டம்ளரை மாற்றி எடுத்துவிட்டார்கள்.

சரியானதை மாட்டிய பிறகு, மற்றதைச் சுடுதண்ணீரில் கழுவி, இறந்தவர் மனைவியான அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"இனிமே எனக்கெதுக்குங்கய்யா?" என்று அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

என் கணவர் அவரைக் கொல்லையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அந்த அம்மா வாயில் பல் இருந்தது. "என்ன சொன்னீங்க?" என்று வழியெல்லாம் நச்சரித்தேன். பதிலே சொல்லவில்லை மனுஷன்.

போன வருஷம் ஒரு காலை, காபி குடித்துவிட்டு, செட்டைக் கழற்றி வைத்து மறுபடி படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும் என்று நான் காய்கறி வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால், மாடியில் குடியிருக்கும் கொழுந்தனார் அவரைக் கூடத்தில் கிடத்தி, தாடையைச் சுற்றி நாடிக்கட்டும் கட்டிவிட்டிருந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. வாசலில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"கட்டுனத அவுக்கக் கூடாது அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"உங்க அண்ணன் சொன்னது இது. வெளியில போங்க."

கதவைச் சாத்தினேன். செட்டை நனைத்து, முதலில் மேல் செட், பிறகு கீழ் செட். கொஞ்சம் கொஞ்சமாக முகம் அவருடையதாகத் திரும்பி வந்தது. துணியை மறுபடி கட்டி முடித்த பிறகுதான் அழுதேன்.

மதியம் திருவையாற்றுப் பக்கத்து அந்த அம்மா வந்தார். மாலையை வைத்துவிட்டு, அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னார்: "நல்லா பொருந்தியிருக்கும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்குக் கொட்டகையில ஐயா தன்னோடதக் கழட்டிக் காட்டுனாங்க. 'நானே போட்டுக்கிட்டுத்தான் சாப்புடுறேன், சிரிக்கிறேன். நீங்க ஏன் வேணாங்கிறீங்க'ன்னாங்க. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலம்மா."

ஊருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை வருஷம் என்னைக் கதவைச் சாத்த வைத்த மனுஷன், ஒரு பெண் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று மாட்டுக் கொட்டகையில் நின்று வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அந்த அம்மாவின் கையை நான் விடவில்லை.