ஓதச் சுவர்

திருப்பதியில் தேர் ஓடும் வீதிக்குப் பின்சந்தில் வஸுமதி என்று பெயர் சொன்னால், "ஆத்துக்காரர் கையை ஒடிச்சாளே, அவளா?" என்பார்கள். ஒடித்தாள்தான். ஏன் ஒடித்தாள் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் வாய் வராது. நரம்பில்லாத நாக்கு பாதிக் கதையோடு நின்றுவிடும். மீதி இது.

சென்னை ராஜதானிக் காலம். கார்வேட்டிநகரத்துப் பெண்ணான அவள், சின்ன வயதிலேயே தேசிகனுக்குக் கழுத்தை நீட்டினாள். தேசிகனுக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை. ஊரெல்லாம் அவன் கைமணத்தைப் புகழும். அந்தக் கையின் கனம் வஸுமதியின் கன்னத்துக்குத்தான் தெரியும். வீட்டை ஆண்டவள் அவனுடைய விதவைத் தமக்கை மரகதவல்லி. மடி ஆசாரம்தான் அவளுக்கு உயிர்.

துவைத்த மடித்துணியை யார் கையும் படாமல் கோலால் தூக்கி உயரக் கொடியில் போட வேண்டும். மழைக்காலம் வந்தால் அந்தக் கொடி நடு உள் என்கிற நடு அறைக்குள் வந்துவிடும். நடு உள்ளுக்கு ஜன்னலே கிடையாது. ஐப்பசி முதல் தை வரை துணி சொட்டும், கதவு சாத்தியே இருக்கும், சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சணம் பூக்கும். உள்ளே நுழைந்தாலே மூச்சு முட்டும். வஸுமதியும் குழந்தைகளும் படுப்பது அங்கேதான்.

மூத்தவள் கோதை ஒரு மார்கழியில் அங்கேயே மூச்சு இழுத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தாள். "அவ கொண்டுவந்த ஆயுசு அவ்வளவுதான்" என்றாள் மரகதவல்லி. பாவி, சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

அடுத்தவன் தோதாத்ரிக்கும் அதே இழுப்பு. பிறந்தகத்துக்குத் தூக்கிப் போனாள். அங்கே முற்றத்துக் காற்றில் சில நாளில் நின்றது. திரும்பி வந்து நடு உள்ளில் படுத்ததும் மறுபடி ஆரம்பித்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, சந்துப் பக்கச் சுவர்ல ஒரு ஜன்னல் வெக்கணும். இந்த ஈரம்தான் கொழந்தை மூச்சை அடைக்கறது."

"சந்துல போறவா காத்தெல்லாம் மடித்துணி மேல படறதுக்கா?"

தேசிகனிடம் கேட்டாள். விழுந்த அறையில் காதுத்தோடு தெறித்தது.

கார்த்திகையில் ஒரு பிற்பகல். குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. விலா குழிந்து குழிந்து எழுந்தது. அவனைத் தூக்கிக் கொல்லைத் தாழ்வாரத்தில் போட்டாள். வெளிக்காற்றில் மூச்சு மெல்லத் திரும்பியது. ஆனால் இருட்டினால் மறுபடி அந்த உள்தானே? தேங்காய் உரிக்கிற கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் சந்துப் பக்கச் சுவரில் ஓங்கிக் குத்தினாள்.

மரகதவல்லி போட்ட கூச்சலில், அப்போதுதான் வாசலில் கால் வைத்த தேசிகன் ஓடி வந்தான். மடிக்கோலை எடுத்து அவள் முதுகில் விளாசினான். கோல் முறிந்தது. அவள் நிறுத்தவில்லை. மயிரைப் பற்றி இழுத்துத் தலையைச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தமும் பூஞ்சணமுமாகக் கன்னத்தில் அப்பியது. கடப்பாரையைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் வீசினாள்.

வலது மணிக்கட்டு. எலும்பு ஒடிந்த சத்தம் கூடத்தில் நின்ற மரகதவல்லிக்கும் கேட்டது.

"ஒண்ணைத் தூக்கிக் குடுத்துட்டேன். இன்னொண்ணைக் குடுக்க மாட்டேன். கிட்ட வந்தேள்னா அடுத்தது தலைதான்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் மறுபடி குத்தினாள். ஊறிப்போன செங்கல் பொலபொலவென்று சந்துப் பக்கம் சரிந்தது. அந்த உள்ளில் முதல் முறையாக வெயில் விழுந்தது.

அதுவரை விளக்கு வெளிச்சத்தில் துணியெடுக்க மட்டும் அங்கே நுழைந்திருந்த தேசிகன், அப்போதுதான் பக்கத்துச் சுவரைப் பார்த்தான். தரையிலிருந்து கொடிவரை பூஞ்சணம் பூத்துக் கரேலென்று இருந்தது.

"இந்தச் சுவரோரமாத்தானே கோதை படுத்துப்பா?" என்றான்.

"ஆமான்னா. ஜுரம் வந்தா மூஞ்சியை அதுல ஒட்டிண்டுடுவா. சில்லுனு இருக்கும்மா, சில்லுனு இருக்கும்மான்னு சொல்லுவா."

சொல்லிவிட்டு, மீதிச் சுவரை இடிக்கக் கடப்பாரையை ஓங்கினாள். அவன் தடுக்கவில்லை.