மூன்றாம் எண் லேத்தின் கோடு

சுடர்விழி பிடித்தால் உடும்புப்பிடி. அன்னவாசலிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் புள்ளியியல் படித்து முடித்தவள். டீச்சர் வேலைக்குப் போ என்று வீடே சொன்னபோதும் கேட்காமல், விராலிமலைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மணிக்கு ஓர் இரும்பு உருளையை எடுத்து, நீளம் அளந்து, நோட்டில் எழுத வேண்டும். நாற்பது மில்லிமீட்டர். கொஞ்சம் கூடலாம், குறையலாம். எல்லைக்குள் இருந்தால் ஓகே. இரண்டு வருடமாக ஓகே எழுதி அவளுக்கே சலித்துப்போயிருந்தது.

கார்த்திகை பிறந்த வாரத்தில் வாங்கிய கம்பெனியிலிருந்து இரண்டு பெட்டி உருளைகள் திரும்பி வந்தன. எல்லாமே நீளத்தில் கட்டையாக இருக்கின்றன, பொருத்தினால் ஆடுகின்றன என்று புகார். மேனேஜர் ரகுநாத்துக்குக் காரணம் தேடப் பொறுமை இல்லை. ஆள் கிடைத்தால் போதும். அந்த உருளைகளைக் கடைந்த மூன்றாம் எண் லேத்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டும் வெள்ளைச்சாமி கிடைத்தார்.

"வயசாயிருச்சு, கண்ணு மங்கிருச்சு. திங்கக்கெழமையிலேருந்து அவரு பேக்கிங் பாக்கட்டும்."

வெள்ளைச்சாமி லேத்தைத் துணியால் துடைத்தபடி நின்றார். அதைப் பார்த்த சுடர்விழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நோட்டுல ஒரு அளவுகூட எல்லையத் தாண்டல சார். அண்ணன் மேல எப்புடிப் பழி போடுறீங்க?"

"அப்ப எதுதான் காரணம்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. சனிக்கெழம வரைக்கும் டைம்."

கிண்டலுக்குத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்கலாம்.

கல்லூரியில் படித்த கூட்டுத்தொகை வரைபடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வோர் அளவிலும் நாற்பதைக் கழித்து, மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கூடுவதும் குறைவதும் மாறி மாறி வந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். கோடு பூச்சியத்தை ஒட்டியே கிடக்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் சிறுதுளி பெருவெள்ளம்தான். தனி அளவில் ஒளிந்துகொள்வது கூட்டுத்தொகையில் மாட்டிக்கொள்ளும்.

லேப்டாப்பில் ஓர் இலவச மென்பொருளை ஏற்றி, ஆடி மாதத்திலிருந்து அந்த லேத்துக்கு எழுதிய எழுநூறு அளவுகளையும் சாப்பாட்டு வேளைகளில் தட்டினாள். வெள்ளிக்கிழமை முதல் படம் வந்தது. கோடு மலைபோல ஏறி, இறங்கி, பூச்சியத்திலேயே வந்து உட்கார்ந்தது.

"முருகன் கோயில் மலைய வரைஞ்சிருக்கியாம்மா?" என்று ரகுநாத் சிரித்தார்.

அவமானமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இலக்கு நாற்பது என்று அவள் மென்பொருளுக்குச் சொல்லவே இல்லை. அது தன்பாட்டுக்கு எழுநூறு அளவுகளின் சராசரியையே இலக்காக எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டையான அளவுகளும் அந்தச் சராசரியில் கலந்துவிட்டன; திருடனையும் சேர்த்துப் பஞ்சாயத்தில் உட்காரவைத்த கதை.

பட்டறைக்குள் நுழைந்ததும் நாற்பது என்று கொடுத்தாள். எவ்வளவு ஆட்டம் சகஜம் என்று காட்ட, ஆடி, ஆவணியில் வந்த நல்ல அளவுகளின் ஏற்ற இறக்கத்தையும் கொடுத்தாள். இப்போது கோடு புரட்டாசி வரை சமதரையாகக் கிடந்து, ஒரு நாளில் மடங்கி, அப்புறம் நிற்காமல் கீழே போனது. மடங்கிய இடத்தில் விரலை வைத்துத் தேதி பார்த்தாள். ஆயுத பூஜை முடிந்து லேத் ஓடிய முதல் நாள்.

"அண்ணே, பூஜை முடிஞ்சு மிஷின்ல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலத்தா. கழட்டித் தொடச்ச சாமானத் திருப்பி மாட்டுனேன், அம்புட்டுத்தான்."

இரும்புக் கம்பி வந்து முட்டி நிற்கும் ஸ்டாப்பரைக் கழற்றினார்கள். அதன் பின்பக்கம் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். தாளைவிட மெல்லிசு. அந்த மெல்லிசுதான் ஸ்டாப்பரை முன்னால் தள்ளி, உருளைக்கு உருளை நீளத்தைக் கடித்திருக்கிறது.

வெள்ளைச்சாமி பெருமூச்சு விட்டார். சுடர்விழி அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பூஜை அன்றைக்குப் பேப்பர் விரித்து அடுக்கியிருந்த சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்தது அவள்தான். "சாமி பொட்டுண்ணே, தொடச்சிராதீங்க, தானா அழியட்டும்" என்று சொன்னதும் அவள்தான். சொன்ன சொல்லைத் தட்டாமல் மனிதர் பொட்டோடு மாட்டியிருக்கிறார்.

அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"அழுக்குச் சேந்துருச்சுன்னு எழுதிருத்தா. அடுத்த மாசம் ஒன்னைய பெர்மனன்ட் பண்ணப்போறாக. வம்பு எதுக்கு?"

பேனாவைத் திறந்தாள். பயமாகத்தான் இருந்தது.

"அழுக்குன்னு எழுதுனா, மிஷினத் தொடைக்காத ஆளு நீங்கன்னு ஆயிரும்ணே."

கோடு மடங்கிய இடத்தில் எழுதினாள்: ஆயுத பூஜை. ஸ்டாப்பரின் பின்புறம் சந்தனம் வைத்தது சுடர்விழி. துடைக்க வேண்டாம் என்றதும் சுடர்விழி.

ரகுநாத் அதை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம மூணாம் நம்பர்ல அண்ணன்தான் சார் நிப்பாரு," என்றாள். "என்னைய என்ன பண்ணணும்னு நீங்க யோசிச்சுக்கங்க."