கலியாணக் கேக்குக்கு விட்ட ஒயில்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. உடுப்பிட்டியில் கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய கராஜை நானே கல்லால் கட்டினேன். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்தேன். மின்சாரம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி அயலுக்கே றேடியோ கேட்கவைத்தேன். எல்லாருந்தானே செய்தார்கள் என்பீர்கள். செய்தார்கள், என்னைப் பார்த்து.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை, நான் ஒரு கலியாணக் கேக்கைக் காப்பாற்றியது.

பொருளாதாரத் தடைக் காலம். கரவெட்டியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கலியாணம். சீனி, பட்டர் என்று மாதக்கணக்கில் சேர்த்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அம்மாவிடம் மூன்று தட்டுக் கேக் செய்யக் கொடுத்திருந்தார்கள். அது நொறுங்கினால் இன்னொன்றுக்குக் குடாநாடு முழுவதும் தேடினாலும் பட்டர் கிடையாது. மாப்பிள்ளை வீட்டாரோ குறை பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள். கேக்கை ஏற்றிவரும் பொறுப்பு பெண்ணின் தாய்மாமனுக்கு. புகையிலைத் தோட்டக்காரர். சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஆகவே தானும் மெக்கானிக் என்று நினைப்பு.

கலியாணத்துக்கு முதல்நாள் அதைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அண்ணை, முன் ஷொக் அமுங்குதில்லை. குழியிலை விழுந்தால் பல்லுக் கழண்டுபோம் போலை கிடக்கு.”

“என்ன செய்தனீ?”

“ஒயில் மாத்தினனான். கடைசித் தங்கச்சியின்ரை கைப்பிள்ளையின்ரை பால்போத்தலாலை ரெண்டு பக்கமும் நிறைய விட்டனான். கூட விட்டால் மெத்தை மாதிரி இருக்குமெண்டு…”

“நீ என்ன கோழிக்கறியே வைச்சனீ, எண்ணெய் மிதக்க?”

“பகிடி விடாதை அண்ணை. நாளைக்குக் கேக் ஏத்தவேணும்.”

“ஏத்து. கேக்காய் ஏத்தி, புட்டாய் இறக்கு.”

அவருக்கு அன்றும் விளங்கவில்லை, உங்களுக்காவது விளங்கட்டும். குழியின் அடியைத் தாங்குகிற ஷொக் குழாய்க்குள் ஒயிலுக்கு மேலே காற்றுக்கும் இடம் வேண்டும். ஒயில் கூடினால் குழாய் இரும்புத் தடி. குறைந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி முன்பக்கம் மூக்குக் குத்தும். இரண்டிலும் கேக் பிழைக்காது.

ஸ்பிரிங்குகளைக் கழற்றி எடுத்தேன். அவரை ஹாண்டிலை அடிவரை அமத்திப் பிடிக்கச் சொன்னேன். நான் அரத்தால் அடையாளம் கீறி வைத்திருந்த சைக்கிள் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டு, கம்பி அந்தக் கீறல்வரை மட்டுமே நனையும் அளவுக்கு ஊசிமருந்துக் குழாயால் ஒயிலை உறிஞ்சினேன். ஒரு பக்கம் சரிவந்தால் மற்றப் பக்கம் ஒரு சொட்டுக் கூடும்.

“போதும் அண்ணை, கை உழையுது.”

“கலியாணம் என்ரை மருமகளுக்கோ, உன்ரை மருமகளுக்கோ? அமத்து!”

மறுநாள் அவர் ஓட்ட, அவருடைய மனைவி கேக்கை மடியில் ஏந்திப் பின்னால் இருந்து வந்தார். ஷெல் விழுந்த குழிகளெல்லாம் தாண்டி வந்த கேக்கில் ஒரு சீனித் தூண்கூடச் சரியவில்லை. மாப்பிள்ளையின் தாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாவம், ஒரு குறையும் கிடைக்கவில்லை.

பிறகு நன்றியுரை. கேக் செய்த அம்மாவுக்கு நன்றி, மடியில் ஏந்தியவருக்கு நன்றி, “பூப்போல ஓட்டிவந்த” தாய்மாமனுக்குக் கைதட்டல். கதிரை அடுக்கியவர்களுக்குக்கூட நன்றி சொன்னார்கள். தாய்மாமன் எழுந்து கும்பிட்டாரே தவிர, என் பக்கம் திரும்பவில்லை. கழுத்துச் சுளுக்காக இருக்கும்.

இப்போது அந்தத் தம்பதிக்கு வெளிநாட்டில் பிள்ளைகள் கலியாண நினைவு மலர் அடிக்கிறார்களாம். கேக் வந்த கதைக்கும் ஒரு பக்கமாம். நல்லது. கர்த்தரின் பெயரை முதலில் போடுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. இரண்டாவது என் பெயர், முழுப்பெயராக. தாய்மாமனை அதற்குக் கீழே போடுங்கள், இடமிருந்தால்.